நண்பர்களோடு ஒரு சினிமா பாட்காஸ்ட்: படங்களை வகைவாரியாக வரிசைப்படுத்திப் பேசுவது எப்படி?

படங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய நான்கு பேர் ஒரு நட்பு வட்டத்தில் இருந்தால், ‘இதையே பதிவு செய்து பாட்காஸ்டாகப் போட்டால் என்ன?’ என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அப்படித் தொடங்குகிறவர்களில் பலர் முதல் நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் தலைப்பு ‘எங்களுக்குப் பிடித்த பத்துப் படங்கள்’ என்பதாகவே இருக்கும். எளிதாகத் தோன்றும் இந்தத் தலைப்பில் பேசுவதுதான் மிகவும் கடினம். ஒரு புராணப் படத்தையும் ஒரு தாதா படத்தையும் அருகருகே வைத்து எது மேல் என்று கேட்டால், இரண்டையும் அளக்கும் பொதுவான அளவுகோல் யாரிடமும் இல்லாததால், பேச்சு ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்குப் பிடிக்காது’ என்ற இரண்டு வாக்கியங்களுக்குள் முடிந்துவிடும். வகைவாரியாகப் பிரித்துக்கொண்டால் அளவுகோல் தானாகவே கிடைக்கிறது. சிரிப்புப் படம் சிரிக்க வைத்ததா, மர்மப் படம் கடைசிவரை ஊகிக்க விடாமல் வைத்திருந்ததா என்று கேட்க முடிகிறது.

நான்கு பேர், கையிலிருக்கும் கைபேசிகள், பணச்செலவு இல்லை என்ற நிலையிலிருந்து முதல் நிகழ்ச்சியை வெளியிடுவது வரையிலான படிகளை இந்தக் கட்டுரை விளக்குகிறது. உதாரணத்துக்குத் தமிழ் மர்மப் படங்களை எடுத்துக்கொள்கிறேன். சொல்லப்படும் முறை வேறு எந்த வகைக்கும் பொருந்தும்.

வகையின் எல்லையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2008ஆம் ஆண்டில் பத்து வகைகளில் தலா பத்துப் படங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. அந்தப் பட்டியலில் எந்தப் படம் முதலிடம் பிடித்தது என்பதைவிட, ஒவ்வொரு வகைக்கும் ஒரே வாக்கியத்தில் எல்லை வகுத்திருந்தார்கள் என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி. மர்மப் படம் என்றால் ஒரு குற்றத்துக்கு விடை காண்பதைச் சுற்றி நகர்வது என்றும், தாதா படம் என்றால் இருபதாம் நூற்றாண்டுச் சூழலில் குற்றக் கும்பல்களையோ தனித்தியங்கும் குற்றவாளிகளையோ மையமாகக் கொண்டது என்றும் வரையறுத்திருந்தார்கள். இப்படி எழுதி வைத்துக்கொண்டால், எந்தப் படம் உள்ளே வரும், எது வராது என்ற சண்டை பட்டியல் போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, அல்லது குறைந்தபட்சம் சண்டை எதைப் பற்றியது என்பதாவது தெளிவாகிறது.

நான்கு பேரும் உட்கார்ந்து உங்களுக்கான வரையறையை எழுதுங்கள். நான் முன்வைப்பது இது: ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும், அதைச் செய்தவர் யார், ஏன் என்ற விடை படத்தின் பெரும்பகுதிவரை பார்வையாளரிடமிருந்து மறைக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த விடை மனித முயற்சியால் கண்டுபிடிக்கப்பட வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளையும் வைத்துக்கொண்டு சில படங்களைச் சோதித்துப் பார்த்தால் வரையறையின் பலமும் ஓட்டைகளும் உடனே தெரியும்.

எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 1954இல் பாடல்களே இல்லாமல் வந்த ‘அந்த நாள்’ மூன்றிலும் தேறுகிறது. ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார், ஒவ்வொருவரும் தத்தம் பார்வையில் நடந்ததைச் சொல்கிறார்கள், விசாரணையின் முடிவில்தான் விடை வருகிறது. ராம்குமார் இயக்கிய ‘ராட்சசன்’ (2018) படமும் சிக்கலின்றித் தேறும். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) தேறாது. அதில் கொலைகாரன் யார் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது; அவனை மணந்துகொண்ட பெண்ணுக்கு எப்போது தெரியும், தெரிந்த பிறகு தப்பிப்பாளா என்பதில்தான் நம் பதற்றம் இருக்கிறது. ஆகவே அது திகில் படம் என்ற பட்டியலுக்குப் போக வேண்டும். மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ (1984) மூன்றாவது நிபந்தனையில் தடுமாறுகிறது, ஏனெனில் அதில் கதாநாயகிக்குக் கொலைக்காட்சி கனவாக வந்து நிற்கிறது; கனவு தரும் துப்பை மனித முயற்சி என்று கொள்ளலாமா? ‘சந்திரமுகி’ (2005) இன்னும் வேடிக்கையானது. பேய்ப் படம் போலத் தொடங்கி, மனநல மருத்துவர் விடை சொல்லும் மர்மப் படம் போல முடிந்து, நடுவில் வடிவேலுவின் நகைச்சுவைக்காகவே பலரால் நினைவுகூரப்படுகிறது.

‘புதிய பறவை’ (1964) பற்றி மட்டும் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம். முதற்பாதியைப் பார்ப்பவர் அதைக் காதல் படம் என்றே சத்தியம் செய்வார். இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மனைவி உயிரோடு வந்து நிற்கும்போது படம் வேறொன்றாக மாறுகிறது. குற்றம் நடந்ததா என்பதே அங்கே கேள்வி என்பதால் என் முதல் நிபந்தனையில் அது சிக்குகிறது, ஆனால் அதை வெளியே தள்ளும் வரையறையை எந்தத் தமிழ் ரசிகரும் ஏற்கமாட்டார். இப்படியொரு படம் எதிர்ப்படும்போது வரையறையைத்தான் திருத்த வேண்டும். ‘ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும், அல்லது நடந்ததா என்ற ஐயம் கதையை நடத்த வேண்டும்’ என்று மாற்றிக்கொள்ளலாம். திருத்தியதை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் கேட்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். கேட்பவரும் அதே சட்டத்தை வைத்துக்கொண்டு உங்களோடு மல்லுக்கு நிற்பார். பாட்காஸ்டுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

வேறு சில சில்லறை விதிகளையும் அப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. பிறமொழிப் படத்தின் மறு ஆக்கம் சேருமா? ‘யாவரும் நலம்’ (2009) போல ஒரே நேரத்தில் தமிழிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டது சேருமா? ஓர் இயக்குநருக்கு எத்தனை படம்வரை அனுமதி? படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்தே எழுதும் பழக்கம் கட்டாயம் வேண்டும். ‘அதே கண்கள்’ என்ற பெயரில் 1967இல் ஒரு மர்மப் படமும் 2017இல் வேறொரு மர்மப் படமும் இருக்கின்றன. ஆண்டு எழுதாமல் வாக்களித்தால் எண்ணும்போது குழப்பம் நிச்சயம்.

எல்லோரும் பார்த்திருக்க வேண்டும்

அடுத்த படி, பரிசீலனைப் பட்டியல். ஆளுக்கு ஆறு ஏழு படங்களை முன்மொழிந்தால், ஒரே படம் திரும்ப வருவதைக் கழித்து இருபது படங்கள் அளவில் கிடைக்கும். நால்வரும் ஒரே வயதினராக இருந்தால் பட்டியல் அவர்கள் கல்லூரிக் காலத்தைச் சுற்றியே மொய்க்கும் என்பதால், ஐம்பது அறுபதுகளிலிருந்து சிலவும் எழுபது எண்பதுகளிலிருந்து சிலவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். தேடிக் கிடைக்காத படத்தைச் சேர்க்காதீர்கள். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்துக்கே இன்று பிரதி இல்லாதபோது, பழைய படங்கள் எல்லாம் எங்காவது இருக்கும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. ஆண்டு, இயக்குநர், வசனகர்த்தா போன்ற விவரங்களை இணையத்தில் ஒரே இடத்தில் பார்த்து நம்பிவிடாமல், ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ நூலோடும் படத்தின் தலைப்பு எழுத்துகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டியல் முடிந்த பின் ஐந்தாறு வாரங்கள் இடைவெளி விட்டு, எல்லாப் படங்களையும் மறுபடி பாருங்கள். பள்ளி வயதில் ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியில் பார்த்ததை ‘பார்த்தாயிற்று’ என்று கணக்கில் கொள்ளக்கூடாது. நினைவில் தங்குவது பெரும்பாலும் பாடலும் உச்சக்காட்சியும் மட்டுமே. பார்க்கும்போது படத்துக்கு மூன்று குறிப்புகள் போதும்: பேசத்தகுந்த ஒரு காட்சி, விடையை மறைக்க இயக்குநர் கையாண்ட உத்தி, உங்களுக்கு உறுத்திய ஓர் இடம். மூன்றாவது குறிப்பு இல்லாமல் வருபவர் பதிவின்போது புகழ்மாலை மட்டுமே சூட்டுவார் என்பதால் அதில் கண்டிப்பாக இருங்கள்.

நால்வரில் குறைந்தது மூன்று பேர் பார்த்த படங்களை மட்டும் வாக்கெடுப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் பழைய படங்கள் தரத்தால் அல்லாமல், பார்க்கப்படாததாலேயே கீழே போகும்.

வாக்கைச் சேர்ப்பதும் எண்ணுவதும்

ஆளுக்கு ஐந்து படங்கள் போதும். சிகாகோவிலிருந்து 2005 முதல் வந்துகொண்டிருக்கும் ‘ஃபிலிம்ஸ்பாட்டிங்’ என்ற பாட்காஸ்ட் தன் பட்டியல்களை ஐந்தோடு நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது. நான்கு பேர் பத்துப் படங்கள் சொன்னால் நாற்பது பெயர்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் எண்பது நிமிடம். ஐந்து என்றால் நாற்பது நிமிடத்தில் முடியும், பொதுவான படங்களைக் கழித்தால் இன்னும் குறையும்.

வாக்குகளைப் பதிவு நாளுக்கு முன்பே, ஒருவருக்கொருவர் காட்டாமல், ஒருவரிடம் அனுப்பிவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்து வாய்மொழியாகச் சொன்னால், முதலில் பேசியவரின் முதலிடம் மற்றவர்களின் பட்டியலிலும் மெல்ல மேலேறிவிடும்.

எண்ணும் முறையை வாக்களிப்பதற்கு முன்பே அறிவித்துவிட வேண்டும், ஏனென்றால் முறை மாறினால் முடிவும் மாறும். நால்வரில் இருவர் ‘க’ என்ற படத்தை முதலிடத்தில் வைக்கிறார்கள், மற்ற இருவர் அதைத் தங்கள் ஐந்தில் சேர்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ‘ங’ என்ற படத்தை மூவர் இரண்டாமிடத்திலும் ஒருவர் மூன்றாமிடத்திலும் வைத்திருக்கிறார்கள். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மதிப்பெண் கொடுத்தால், ‘க’ படத்துக்கு 10, ‘ங’ படத்துக்கு 15. ‘ங’ தெளிவாக வெல்கிறது. முதலிடத்துக்கு 10, அடுத்தவற்றுக்கு 5, 3, 2, 1 என்று கொடுத்தால் ‘க’ 20, ‘ங’ 18 என்று முடிவு தலைகீழாகிறது. முதல் முறை எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் படத்தை மேலே தூக்கும், இரண்டாவது முறை சிலர் உயிரையே விடும் படத்தைத் தூக்கும். நான்கு பேர் உள்ள நிகழ்ச்சிக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். எல்லோருக்கும் ஓரளவு பிடித்த படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சப்பென்று போகிறது. இருவர் தலைமேல் வைத்துக்கொண்டாட, இருவர் திரும்பியும் பார்க்காத படத்தில்தான் பேச விஷயம் இருக்கிறது.

மூன்றாவது முறையும் உண்டு. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில், ஒவ்வொருவரும் பத்துப் படங்களைச் சொல்வார்கள், பத்துக்கும் சம மதிப்பு, அதிகம் பேர் சொன்ன படம் முதலிடம் பெறும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ‘சிட்டிசன் கேன்’ அமர்ந்திருந்த முதலிடம் 2012இல் ‘வெர்டிகோ’வுக்குப் போனது, 2022இல் ஷான்டால் அக்கர்மான் இயக்கிய 1975ஆம் ஆண்டுப் படம் அதைப் பிடித்தது. படங்கள் மாறவில்லை, வாக்களித்தவர்கள் மாறியிருந்தார்கள், அவர்களின் எண்ணிக்கையும் வெகுவாகக் கூடியிருந்தது. நூற்றுக்கணக்கானோர் வாக்களிக்கும் இடத்தில் பொருந்தும் இந்த முறை நான்கு பேரிடம் செல்லாது. பாதிப் படங்கள் சமநிலையில் வந்து நிற்கும். பின்னாளில் கேட்பவர்களிடமும் வாக்கு வாங்கத் தொடங்கினால் அப்போது பயன்படுத்திக்கொள்ளலாம்.

பேச்சு

தமிழில் பாட்காஸ்ட் தொடங்குபவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. எழுதி வைத்துப் படித்தால் செய்தி வாசிப்பு போலாகிவிடும். எதுவும் எழுதாமல் பேசினால் ‘வேற லெவல்’, ‘செம’ என்ற இரண்டு சொற்களிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். முழு வாக்கியங்களாக எழுதாமல், பெயர், ஆண்டு, காட்சி, காரணம் என்று துணுக்குகளாக ஒரே தாளில் குறித்துக்கொண்டு, வழக்கமாக நண்பர்களிடம் பேசும் தமிழிலேயே பேசுங்கள். ஒருவர் நெறியாளராக இருக்க வேண்டும். அவர் வேலை தன் கருத்தைச் சொல்வதைவிட, பேச்சு வரையறையை விட்டு நழுவும்போது இழுத்துப் பிடிப்பது. ‘கதை நல்லா இருக்குன்னு நீ சொல்ற, சரி. நான் கேக்கறது இது மர்மப் படமாங்கறது’ என்று ஒரு குரல் குறுக்கிட்டால் போதும், பேச்சு திரும்பத் தண்டவாளத்துக்கு வந்துவிடும்.

கடைசி இடத்திலிருந்து முதலிடம் நோக்கிச் செல்லுங்கள். ஒரே படம் இருவர் பட்டியலில் இருந்தால், எவருடையதில் மேலே இருக்கிறதோ அந்த இடம் வரும்போது இருவரும் சேர்ந்து பேசட்டும்.

கேட்பவருக்குத் திரை தெரியாது என்பதை மறக்கக்கூடாது. ‘அந்தக் காட்சி இருக்கிறதே, அதில் அவர் பார்ப்பாரே ஒரு பார்வை’ என்பது பார்த்தவருக்கே பாதிதான் புரியும். மர்மப் படத்திலிருந்து சற்று விலகி, பெரும்பாலோர் அறிந்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் தன் தந்தையாக வரும் பாலையாவிடம் தான் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையைச் சொல்கிறார். ‘நாகேஷ் பின்னியிருப்பார்’ என்று சொல்லிவிட்டுப் போனால் அது விமர்சனம் ஆகாது. கதை சொல்கிறவர் குரலாலும் கையாலும் தானே பின்னணி இசையும் எழுப்பிக்கொண்டு பயமுறுத்துகிறார். வசனம் ஏறக்குறைய முழுதும் அவருடையது. ஆனால் நம் கண் கேட்பவரிடம் இருக்கிறது. நிதானமாகத் தொடங்கும் பாலையாவின் முகம், கதை நகர நகர உண்மையிலேயே பயந்துபோகிறது. திகில் கதையொன்று திகிலாகவே சொல்லப்பட, சிரிப்பு மட்டும் கேட்பவரின் முகத்திலிருந்து வருகிறது. இந்த அளவுக்கு விவரித்தால் படம் பார்க்காதவருக்கும் காட்சி பிடிபடும், அதை ஏன் உயர்த்திச் சொல்கிறீர்கள் என்பதும் விளங்கும்.

மர்மப் படங்களில் முடிவைச் சொல்லாமல் ஆழமாகப் பேச முடியாது, சொன்னால் பார்க்காதவர் சாபம் விடுவார். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பகுதிகளாகப் பேசுவதே இதற்கு வழி. முதலில் விடையைத் தொடாத பகுதி; பிறகு ‘இனி முடிவைப் பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் இந்த நிமிடத்துக்குத் தாவிவிடுங்கள்’ என்று அறிவித்துவிட்டு இரண்டாவது. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய படத்துக்கும் இந்த மரியாதை உண்டு. ‘அந்த நாள்’ படத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கப்போகிற ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

வசூல் எண்களைத் தொடவே வேண்டாம். நம்பத்தகுந்த கணக்கு கைக்குக் கிடைக்காத நிலையில் அந்தப் பேச்சு ரசிகர் சண்டையில்தான் முடியும், மர்மப் படம் நன்றாக மறைத்ததா என்ற கேள்விக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பதிவும் வெளியீடும்

கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நால்வரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தால், மடிக்கணினியில் அழைப்பைப் போட்டு ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, கைபேசியை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து அவரவர் குரலை அவரவரே பதிவு செய்ய வேண்டும். தொடங்கும்போது எல்லோரும் ஒருமுறை கைதட்டினால், பிறகு நான்கு பதிவுகளையும் அந்தச் சத்தத்தை வைத்து ஒரே நேர்கோட்டில் பொருத்தலாம். ஒரே அறையில் என்றால் மெத்தை, போர்வை, துணி அலமாரி உள்ள படுக்கையறையே சிறந்தது. வெறும் சுவர்களுள்ள கூடத்தில் எதிரொலி வரும். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்பதால் கோடையில் விடியற்காலையில் பதிவு செய்வது நல்லது. அம்மன் கோவில் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஆடி மாதத்தில் வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தொகுப்பதற்கு இலவச மென்பொருளான ஆடாசிட்டி போதும். நீண்ட மௌனங்கள், ஒருவர் மேல் ஒருவர் பேசிய இடங்கள், நால்வருக்கு மட்டுமே புரியும் உள்வட்டக் கேலிகள் ஆகியவற்றை வெட்டுங்கள். கருத்து மாறுபாட்டை வெட்டாதீர்கள். இறுதி ஒலியளவை மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (LUFS, ஒலி காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தினால், பேருந்தில் கேட்பவர் சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

படப் பாடல்களையோ பின்னணி இசையையோ சேர்க்காதீர்கள். விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்பது உண்மையே. ஆனால் யூடியூபின் தானியங்கிச் சோதனை ஒலியை அடையாளம் காணுமே தவிர, நீங்கள் விமர்சனம் செய்கிறீர்களா என்று பார்ப்பதில்லை. தொடக்க இசையை வாசிக்கத் தெரிந்த நண்பர் யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியீட்டுக்கு ஸ்பாட்டிஃபையின் இலவசச் சேவையில் கணக்குத் தொடங்கி ஒலிக்கோப்பை ஏற்றினால் ஓடை முகவரி (RSS feed, புதிய நிகழ்ச்சிகளைப் பாட்காஸ்ட் செயலிகளுக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் இணைப்பு) ஒன்று கிடைக்கும். அதையே ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்ற மற்ற இடங்களிலும் பதிவு செய்துவிடலாம். அட்டைப்படம் சதுரமாக, பக்கத்துக்கு 1400 முதல் 3000 பிக்செல் வரை இருக்க வேண்டும். நிகழ்ச்சிக் குறிப்பில் வரையறை, மதிப்பெண் முறை, நால்வரின் தனிப் பட்டியல்கள், கூட்டுப் பட்டியல், ஒவ்வொரு படத்தின் ஆண்டும் இயக்குநரும், முடிவைப் பேசும் பகுதிகளின் நிமிடங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். தனிப் பட்டியல்களை மறைத்துவிட்டுக் கூட்டுப் பட்டியலை மட்டும் வெளியிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர் தன் ரசனைக்கு நெருக்கமானவர் யார் என்பதை அந்தத் தனிப் பட்டியலில்தான் கண்டுகொள்கிறார். அடுத்த முறை அவர் சொல்லும் படத்தைத் தேடிப் பார்ப்பார்.

வாரம் ஒன்று என்று அறிவிக்காதீர்கள். இருபது படங்களைப் பார்த்துவிட்டுப் பேசும் நிகழ்ச்சி இரண்டு மாதத்துக்கு ஒன்றாகத்தான் வர முடியும். இடைப்பட்ட நேரத்தில், பட்டியலில் நூலிழையில் தவறிய ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இருவர் மட்டும் அரை மணி நேரம் பேசும் சிறு நிகழ்ச்சிகளைப் போடலாம். வெளியான பட்டியலை உடனுக்குடன் திருத்த வேண்டாம். விட்டுப்போனதாகக் கேட்பவர்கள் சொல்லும் படங்களை ஆண்டோடு ஒரு தாளில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே வகைக்குத் திரும்பும்போது பரிசீலனைப் பட்டியலில் முதலில் ஏற வேண்டியவை அவைதான்.